கட்டளை வேறு, தகவல் வேறு

தூத்துக்குடிப் பக்கம் டி'குரூஸ், டி'சில்வா என்ற குடும்பப் பெயர்கள் சாதாரணம். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்தை அடுத்து ஒற்றை மேற்கோள் குறி ஒன்று விழும். அவசரத்தில் எழுதிய மென்பொருள் அந்தப் பெயரைத் திருத்தப் போனால் அங்கேயே படுத்துவிடும். தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல்லில் அந்தக் குறிக்கு 'எழுத்து இத்தோடு முடிந்தது' என்று பொருள். மிச்சப் பெயரைக் கட்டளை என்று நினைத்துத் தரவுத்தளம் திணறுகிறது. பெயர் வைத்தவர் மேல் தப்பில்லை. திருத்தச் சொல்லும் 'அப்டேட்' வாக்கியத்தையும் பயனர் தட்டியதையும் ஒரே சரமாக ஒட்டினாரே, அவர் பார்த்த வேலை.

அப்பாவி தட்டினால் ஒரு பிழைச்செய்தி, அவ்வளவுதான். விஷமக்காரன் தட்டினால் மிச்சம் உண்மையாகவே கட்டளையாகிவிடும். இந்தத் தாக்குதலை 1998 டிசம்பரில் 'ஃபிராக்' மின்னிதழ் விவரித்தது. 2015இல் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்திலிருந்து சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே ஓட்டை வழியாகத்தான் போயின. மறு ஆண்டு 4 லட்சம் பவுண்டு அபராதம். ஜாவா நிரல்மொழியில் 1997லேயே 'ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதில் வாக்கியத்தை முதலில் முழுசாக எழுதி, மதிப்பு வரவேண்டிய இடங்களில் கேள்விக்குறி போட்டுவிடுகிறோம். மதிப்புகள் தனியாகப் போகும். வங்கிச் சலானில் பெயர் எழுதும் கட்டத்தில் எதைக் கிறுக்கினாலும் சலானின் வாசகம் மாறாது, அப்படி.

வீட்டிலும் இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியப்பா, "இந்தப் படிப்பெல்லாம் தேறாது" என்பார். காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அது அவர் கருத்து. அதுவே நாளைக்கு உங்களை ஓட்டும் உத்தரவாக ஆகவேண்டியதில்லை. மென்பொருளுக்கே திரும்பினால், இன்னொன்று: எந்த அட்டவணை, எந்தப் பத்தி என்பதைக் கேள்விக்குறியில் விட முடியாது. மதிப்பை மட்டும்தான் வெளியாரிடம் வாங்கலாம். எதைத் திருத்துவது என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் கேள்விக்குறி எல்லாவற்றையும் காக்கும் என்று நினைக்கவேண்டாம். ஜாவாவில் கேள்விக்குறிகளின் வரிசை எண் 1இல் தொடங்கும். புது மதிப்பைச் சொல்லும் 'செட்'டுக்கானவை முன்னால், எந்த வரி என்று சொல்லும் 'வேர்' நிபந்தனைக்கானது கடைசியில். இரண்டும் எழுத்து வகையாக இருந்து இடம் மாறினால் பிழையே வராது, எந்த வரியும் மாறாமல் போகலாம், வேறு யாருடைய வரியாவது மாறியும் போகலாம். அதனால் எத்தனை வரி மாறியது என்று தரவுத்தளம் திருப்பித் தரும் எண்ணைப் பார்க்காமல், மாற்றத்தை உறுதிசெய்யும் 'கமிட்' கொடுக்காதீர்கள். ஒன்று எதிர்பார்த்த இடத்தில் ஆயிரம் வந்தால், பழையபடி ஆக்கும் 'ரோல்பேக்'. பூஜ்யமும் செய்திதான்.

'வேர்' எழுதவே மறந்தால் அட்டவணை மொத்தமும் மாறும். மைஎஸ்கியூஎல்லில் அதைத் தடுக்க ஒரு பாதுகாப்புத் தேர்வு உண்டு. அதற்கு 'நான் ஒரு மக்கு' என்ற பொருளில் மாற்றுப் பெயரும் வைத்திருக்கிறார்கள், குசும்பு! புதுப் பிள்ளைகள் பயந்து பயந்து இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எண்டர் தட்டுவார்கள். அந்தத் தேர்வு என் வயசுக்காரர்களுக்குத்தான் அவசியம்.