கிண்டி கிடைக்குமா?

கணிதத்தில் 97, இயற்பியலில் 92, வேதியியலில் 90. கூட்டினால் 279. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்குக் கணிதம் 92, இயற்பியல் 97, வேதியியல் 90. அதுவும் 279. ஆனால் பொறியியல் கலந்தாய்வில் முதல் பிள்ளையின் கட்-ஆஃப் 188, அடுத்த பிள்ளைக்கு 185.5. கணிதத்தை அப்படியே நூற்றுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற இரண்டும் பாதியாகி ஐம்பது ஐம்பதுக்கு வருகின்றன. மொத்தம் 200. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இந்தக் கணக்கில் இடமில்லை. பதினொன்றாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுகிறேன். மூன்று பாடத்துக்கும் ஒரே எடை என்று நம்பிப் படித்து, ரிசல்ட் வந்த பிறகு தெரிந்துகொள்ளும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

*

மே மாதம் முழுக்க வீட்டு வாசலிலும் கடைத்தெருவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியைப் பற்றி ஒரே கேள்விதான். "இந்த கட்-ஆஃபுக்குக் கிண்டி சான்ஸ் இருக்கா டீச்சர்?"

கட்-ஆஃபை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ரேங்க் வந்தால்தான் சொல்ல முடியும். கணிதத் தாள் கடினமாக வந்த வருஷத்தில் 190 பெரிய எண். எளிதாக வந்த வருஷத்தில் அதே 190 வாங்கியவருக்கு முன்னால் நிற்பவர்கள் ஏராளம். அதனால் போன வருஷம் ஒரு பாடப்பிரிவு எத்தனை மதிப்பெண்ணில் முடிந்தது என்பதைவிட எந்த ரேங்கில் முடிந்தது என்று பார்ப்பதுதான் நம்பகமானது. அதிலும் நம் பிள்ளையின் சமூகப் பிரிவில் எந்த ரேங்க் என்று பார்க்க வேண்டும்.

பட்டியலின் நெரிசலான பகுதியில் அரை மதிப்பெண் இடைவெளிக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் இருப்பார்கள். கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், அதன்பின் விருப்பப் பாடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் ரேண்டம் எண் முடிவு செய்கிறது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார், சந்தேகம் இருந்தால் மறுகூட்டலுக்குப் போடு என்று நான் பிள்ளைகளை விரட்டுவது இதற்காகத்தான். அந்தக் கட்டணத்துக்கு யோசிக்கும் குடும்பங்கள்தான் எங்கள் பள்ளியில் அதிகம். இந்தச் செலவை அரசே ஏற்றுக்கொண்டால் நல்லது.

*

எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்த ஒரு பெண். விருப்பப் பட்டியலை நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி, இரண்டாவது சேலம் கருப்பூர், மூன்றாவது பர்கூர். அடியில் எங்கோ குரோம்பேட்டை எம்.ஐ.டி., அதற்கும் கீழே கிண்டி.

"எங்க படிக்கணும்னு ஆசை?"

"கிண்டிதான் டீச்சர்."

"அப்புறம் ஏன் கடைசியில போட்டே?"

"முதல்ல கிண்டி போட்டு அது கிடைக்கலன்னா, செட்டிக்கரையும் போயிடுமே டீச்சர்?"

இந்தப் பயத்தைப் பற்றித்தான் நான் எழுதியாக வேண்டும். வருஷா வருஷம் நல்ல ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் வாய்ப்பை அடிப்பது இதுதான். மார்க் குறைந்ததால் போவதைவிடப் பயத்தால் போவதைப் பார்க்கும்போதுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

இடம் ஒதுக்கும் கணினி செய்வது இவ்வளவுதான். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. உன் முறை வரும்போது உன் பட்டியலை மேலிருந்து படிக்கிறது. முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இருந்தால் உனக்கு. இல்லையா, அடுத்த வரி. ரேஷன் கடையில் உன் முறை வந்ததும் பச்சரிசி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று சொன்ன கையோடு புழுங்கல் அரிசியைத் தர மறுப்பார்களா? உனக்குப் பின்னால் நிற்பவர் செட்டிக்கரையை முதலாவதாகவே எழுதியிருந்தாலும், உன் ரேங்க் மேலே இருந்தால் உன் பட்டியலை முழுதாகப் படித்த பிறகுதான் அவரிடம் போகும். பெரியதை மேலே எழுதுவதால் கீழே இருப்பது குறையாது. ஆனால் சின்னதை மேலே எழுதினால், அந்த இடம் கிடைத்த நொடியே அதற்குக் கீழே எழுதிய எதையும் கணினி படிக்காது. கிண்டியில் உனக்கென்று ஓர் இடம் காலியாக இருந்திருக்கலாம். உனக்குத் தெரியவே வராது.

ஆகவே ஆசையின் வரிசையில் எழுது. கிடைக்குமா என்ற கணக்கு, பட்டியல் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், அடியில் எவையெவை இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும்தான். மேலே எதை எழுதுவது என்பதற்கு அந்தக் கணக்கு வேண்டாம். நகரத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை அண்ணனோ மாமாவோ சொல்லிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டில் கலந்தாய்வைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது.

*

அந்தப் பெண் பட்டியலைத் திருப்பி எழுதினாள். கிண்டி கிடைக்கவில்லை. எம்.ஐ.டி.யில் உற்பத்திப் பொறியியல் கிடைத்தது. 1949இல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம் என்று சொன்னதும் அவள் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பழைய பட்டியலின்படி அவள் செட்டிக்கரையில்தான் சேர்ந்திருப்பாள். அது மோசமான கல்லூரி இல்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டது அதுவல்ல.

*

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும் ஒரு வாய்ப்பு உண்டு. 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே இடம் வந்தால் மாறிக்கொள்கிறேன்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. மேலே உள்ளவர்கள் சிலர் ஐ.ஐ.டி.க்கோ மருத்துவத்துக்கோ போவார்கள். அவர்கள் விட்ட இடம் கீழே இறங்கி வரும். கையில் இருக்கும் இடம் பத்திரமாக இருக்கும், மேலே கிடைத்தால் தானாக மாறும். மாறிய பிறகு பழைய இடம் வேண்டும் என்று கேட்க முடியாது. ஆசை வரிசையில் எழுதியவருக்கு இதில் இழப்பு ஒன்றுமில்லை. குறித்த நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் மட்டும் எல்லாம் போய்விடும். சில நாட்கள்தான் தருகிறார்கள்.

*

31 சதவீதப் பொதுப்பிரிவு 'முன்னேறிய சாதியினருக்கு' என்று நினைக்கும் பெற்றோர் எத்தனையோ பேர். அந்த இடங்கள் எல்லாருக்கும் திறந்தவை. ரேங்க் இருந்தால் எந்தச் சமூகத்துப் பிள்ளைக்கும் முதலில் அங்கேயே இடம் கிடைக்கும். மிச்சம் 69: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியலினத்தவர் 18 (அதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. இதற்கான 1994ஆம் ஆண்டுச் சட்டம் அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கிறது. சாதிச் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் அலையவிடக் கூடாது.

*

பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் இந்த முறைக்கு முன்பு நுழைவுத் தேர்வு இருந்தது. 1984இல் வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். ஏப்ரல் மாதம் நகரத்துக்குப் போய் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சி வகுப்பில் சேர முடிந்த பிள்ளைக்கும், ஆடு மேய்த்துக்கொண்டே படித்த பிள்ளைக்கும் ஒரே தாள். அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு ஆராய்ந்து அந்தத் தேர்வை நீக்கப் பரிந்துரைத்தது. சட்டம் இயற்றி 2007 சேர்க்கையிலிருந்து அதை நீக்கினார்கள். ஒற்றைச் சாளர முறைக்கும் வித்திட்டவர் அவரே. கல்லூரி கல்லூரியாக விண்ணப்பம் வாங்க அலைந்த காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த மனிதர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

சர்தார் பட்டேல் சாலையின் ஒரு பக்கம் கிண்டி கல்லூரி இருக்கும் அண்ணா பல்கலைக்கழகம், எதிர்ப்பக்கம் ஐ.ஐ.டி. ஐ.ஐ.டி.க்குப் போக எழுத வேண்டிய ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழில் எழுதலாம். அதைத் தாண்டி அட்வான்ஸ்டுக்குப் போனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அந்தச் சாலையைக் கடப்பது எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார்க்கிறேன். கிண்டியில் 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியிலேயே உண்டு. அதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

*

7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவத்தில் 2020இல், பொறியியலில் 2021இல் வந்தது. தனித் தரவரிசை. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசுடையது. 'மெட்ராஸ்ல ஹாஸ்டலுக்கு எங்கம்மா போறது' என்று பெண்பிள்ளையைப் பக்கத்துக் கல்லூரியில் சேர்க்கத் தீர்மானித்துவிட்ட ஓர் அம்மாவுக்கு இந்த விடுதிக் கட்டண விவரமே தெரிந்திருக்கவில்லை. கட்டணம் இல்லை என்றதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, லேடீஸ் ஹாஸ்டல் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்பது. கேட்க வேண்டிய கேள்வி. முன்பு எங்கள் பள்ளியில் படித்து இப்போது அங்கே இருக்கும் ஒருத்தியிடம் போனில் பேச வைத்தேன். நான் அரைமணி நேரம் விளக்கியதைவிட அந்தப் பேச்சு அதிகம் வேலை செய்தது.

நடுவில் ஒரே ஒரு வருஷம் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்ப அழைத்து வருபவர்கள் உண்டு. அந்த ஒரு வருஷத்தால் இந்தத் தகுதி போய்விடும். எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே இதைச் சொல்ல வேண்டும்.

*

பிரௌசிங் சென்டர்கள். ஒரு பையனின் விண்ணப்பத்தில் கடைக்காரர் தன் செல்பேசி எண்ணையே பதிந்திருந்தார். ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகிறது. பையனிடம் பாஸ்வேர்டும் இல்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வேலை சீக்கிரம் முடியும் என்று செய்திருக்கிறார். வேறு சிலர் இருக்கிறார்கள். கல்லூரி சார்பாக வீட்டுக்கே வந்து, 'நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம்' என்று சான்றிதழையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு தங்கள் கல்லூரியையே முதல் வரியில் எழுதிவிடுபவர்கள். இவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பதினேழு வயதுப் பிள்ளையின் பன்னிரண்டு வருஷ உழைப்பை ஒரு கமிஷனுக்காக மடைமாற்றுவது சாதாரணக் குற்றமில்லை.

கல்லூரிப் பெயரைப் பார்த்து எழுதாதே, குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுது. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள். கிண்டி 1, எம்.ஐ.டி. 4, கோவை பி.எஸ்.ஜி. 2006.

*

கிண்டியில் ஏதாவது ஒரு பிரிவா, வேறிடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸா? இதற்குப் பொதுவான பதில் என்னிடம் இல்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரியில் இன்றும் புவித்தகவலியல் இருக்கிறது. வரைபடத்தின் மேல் பித்துப் பிடித்த பையனுக்கு அதைவிட நல்ல இடம் எது? கல்லூரிப் பெயருக்காக மட்டும் சுரங்கப் பொறியியல் எழுதுகிறேன் என்பவனிடம், நாலு வருஷமும் அதையேதான் படிக்க வேண்டும் என்று நினைவூட்டுகிறேன். முடிவு அவனுடையது.

*

வேதியியலில் தவறியவன் ஒருவன், ஒரு வருஷம் போச்சு என்று திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டான். துணைத் தேர்வு எழுதித் தேறினால் அதே வருஷம் துணைக் கலந்தாய்வு உண்டு. முதல் சுற்றுகளில் நிரம்பாத இடங்கள் அதில் வரும். அவன் தம்பி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம்தான் படிக்கிறான். அவனிடம் நம்பர் வாங்கி இன்று ராத்திரி பேச வேண்டும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த வாரம்.