தேதி தள்ளிப்போனதில் கோபம் வேண்டாம்



என் நாத்தனாருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு இழுக்கிறாங்க? வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று குடும்பத்தில் பேச்சு நடக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.4. கூடவே ஒரு சொத்தைப் பல். டாக்டர் தள்ளிப்போட்டது இந்த இரண்டுக்காகத்தான்.

ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடித்தால் ஆஸ்பத்திரியில் சுத்தமில்லை என்கிறோம். அது ஒரு காரணமாக இருக்கலாம். நோயாளியின் உடல்நிலையும் ஒரு காரணம். சர்க்கரை கூடினால், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். பல்லில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாகச் செயற்கை மூட்டில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அங்கே ஒட்டிய கிருமியை மருந்தால் மட்டும் விரட்டுவது கஷ்டம். சிலருக்குப் பொருத்தியதைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டிவரும். அதற்குச் சில வாரம் பொறுப்பது மேல் இல்லையா?

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் இவற்றையும் கவனியுங்கள்.

சிகரெட், பீடியைக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும்; புண்ணுக்குப் போகும் ஆக்சிஜன் குறையும்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

வீட்டிலேயே பிளேடால் முடியை மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி பெருகும். அவசியமானால் கிளிப்பரால் வெட்டினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. ஆபரேஷனுக்கு முன் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்தால் நல்லது.

அடுத்தது நம் வீட்டுப் பெரியவர்களின் பத்தியம். "முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்று ரசஞ்சோறும் இட்லியுமே கொடுப்பார்கள். உண்மை நேர்மாறானது. புண் ஆறப் புரதம் வேண்டும். சைவம் என்றால் பருப்பு, சுண்டல், பால், தயிர் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், காயத்தில் சிவப்பு, சூடு, நீர் கசிவு, நாளுக்கு நாள் கூடும் வலி, இதில் எது வந்தாலும் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

நாத்தனாரைப் பார்க்க வருகிறவர்கள் ஸ்வீட் பாக்கெட் வாங்கி வர வேண்டாம். கொஞ்சம் சுண்டல் செய்து எடுத்து வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போனில் பேசினாலே போதும்.