குதிரைக்கும் அதே கூரை

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினை விட்டு வந்தபின் கோட்டைச் சுவரோ பழைய நகரத்துக் கோபுரங்களோ அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. ரோக்கா அல் மாரே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் கொலு மதுவிடுதிதான் வருகிறது. வெளியே பனி கொட்ட, உள்ளே உட்கார்ந்து பட்டாணி சூப் குடிக்கலாம்.

1840களில் தாலின்–தார்த்து சாலையோரம், கோசே வட்டாரத்தில் கட்டியது. பிற்பாடுதான் அதை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். குடியானவர்களுக்கு ஓர் அறை, துரைமாருக்கு வேறோர் அறை. ஏற்றத்தாழ்வைச் சுவர் வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் என்னை இழுப்பது லாயம். எஸ்தோனியாவின் பழைய சாலையோர விடுதிகளில் அது கொல்லையில் ஒதுங்கி நிற்காது. நீண்டு தாழ்ந்த கட்டடத்தின் முனையில், மனிதர்கள் குடிக்கும் அதே கூரையின் கீழ் இருக்கும். பெரிய விடுதியென்றால் இரு முனையிலும். அகலக் கதவு வழியே பூட்டிய வண்டியோடு உள்ளே வந்து, மறுபக்கக் கதவு வழியே புறப்படலாம். பண்ணைத் தானியத்தைப் பட்டணத்துக்கு ஏற்றிப்போனவனுக்கு, தான் கதகதப்பாக இருக்கையில் குதிரை வெளியே விறைக்கிறதே என்ற உறுத்தல் வேண்டியதில்லை. இப்போது நான் வசிக்கும் ஊரிலோ மனிதர்களுக்கே அந்த இடமில்லை; பெரிய ஓட்டல்களின் வாசலில் ஓட்டுநர்கள் வண்டிக்குள்ளேயே சுருண்டு தூங்குகிறார்கள்.

பழைய விடுதிகள்மீதான இந்த ஏக்கம் கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான். இத்தகைய விடுதிகளுக்குச் சொந்தக்காரர்கள் பால்டிக் ஜெர்மானியப் பிரபுக்கள். வட எஸ்தோனியாவில் 1816இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது; நிலம் மட்டும் குடியானவனுக்கு வரவில்லை. அவன் பிரபுவின் வயலில் உழைத்து விளைவித்த தானியம் பண்ணை வடிசாலையில் சாராயமாகி, விடுதியில் அவனிடமே விலைக்கு வந்தது. அந்தக் கதகதப்புக்கும் சேர்த்து யாரோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1876இல் தார்த்துவுக்கு ரயில் வந்ததும் சாலையில் வண்டிகள் குறைந்தன. 1900இல் ரஷ்யப் பேரரசு சாராய விற்பனையைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. ஏராளமான விடுதிகள் மூடின. சில வீடாயின, சில கடையாயின. லாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் யாருக்கும் தெரியவில்லை போலும்.

எஞ்சி நின்றவற்றுள் ஒன்றான, நார்வா சாலையோர வீட்னா விடுதி 1989இல் எரிந்துபோனது. திரும்பக் கட்டி உணவகமாக்கியிருக்கிறார்கள். நண்பர்கள் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள். எனக்குக் கொலுதான் வேண்டும், அதுவும் பிப்ரவரியில்.