நன்றியுரைப் பக்கமும் பழைய காகிதக் கட்டும்

முனைவர் பட்ட ஆய்வேட்டில் தேர்வாளர் எவரும் மதிப்பிடாத பக்கம் ஒன்று உண்டு, அது நன்றியுரை. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் எனத் தொடங்கும் அப்பட்டியல், இரவெல்லாம் விழித்துத் தட்டச்சு செய்து தந்தவர், விடுதி அறைத்தோழர், நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய தாய் என நீளும். ஆய்வின் முடிவுகள் பிற்காலத்தில் மறுக்கப்படலாம். ஆனால், அந்த ஆய்வு யார் யாருடைய உழைப்பின்மேல் எழுந்தது என்பதற்கு அந்த ஒரு பக்கமே சான்றாக எஞ்சுகிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நன்றியுரைகளை இன்று ஓரிடத்தில் படிக்க இயலும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கின. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் அப்படிகளைச் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் பேணிவருகிறது. முகப்பு, சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, இயல்கள் என ஒவ்வொன்றும் தனிக்கோப்பாக அங்கே கிடைக்கும். தொடக்கநிலை ஆய்வுத் திட்டங்களுக்கெனச் ‘சோத்கங்கோத்ரி’ இருக்கிறது. ஆற்றுக்கு ஒன்று, அதன் ஊற்றுக்கண்ணுக்கு ஒன்று என்பது பொருத்தமான பெயரிடலே.

எனினும், பல்கலைக்கழகத்தின் நினைவு ஆய்வேடுகளோடு முடிவதில்லை. 1857இல் தோன்றிய கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களின் பழைய நாட்காட்டித் தொகுதிகளில் விதிகள், பாடத்திட்டம், பட்டம் பெற்றோர் பெயர்கள் ஆகியவற்றோடு வினாத்தாள்களும் அச்சாகியுள்ளன. பாடத்திட்டம் எதைக் கற்பிக்க விரும்பினார்கள் என்பதைச் சொல்லும். எதைத் தேர்வுக்குரியதாக மதித்தார்கள் என்பதை வினாத்தாள் சொல்லும். 1883இல் சந்திரமுகி பாசுவும் காதம்பினி கங்கூலியும் கல்கத்தாவில் பட்டம் பெற்றதைப் பெயர்ப்பட்டியல் ஒரு வரியில் முடித்துவிடும். பெண்கள் தேர்வெழுத வழிவிட்ட 1878ஆம் ஆண்டு முடிவை அறியப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகளுக்கே செல்ல வேண்டும்.

அறிவியல் துறையிலும் இதே நிலைதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் அறிஞர்களின் கட்டுரைகளுக்கென 2002இலேயே மின்களஞ்சியம் அமைத்து முன்னோடியாயிற்று. அதே நகரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2019இல் திறந்த ஆவணக்காப்பகம் கடிதங்கள், ஆய்வகக் குறிப்பேடுகள், நிழற்படங்கள், வாய்மொழிப் பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டுகிறது. அச்சான கட்டுரையில் வெற்றி பெற்ற சோதனை மட்டுமே இருக்கும். அதற்குமுன் தோற்றவை குறிப்பேட்டில்தான் இருக்கும்.

இழப்பு மிகுந்த இடம் எம்.ஃபில். 2009 விதி அந்த ஆய்வேடுகளையும் உள்ளடக்கியதே. ஆயினும் மையக் களஞ்சியத்தில் நிறைந்திருப்பவை முனைவர் பட்ட ஆய்வேடுகளே. 2022 விதிமுறைகள் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டன. ஒரு வட்டாரத்தின் உழவுச் சொற்கள், ஒரு வாரச்சந்தையின் கணக்கு, ஒரு சிற்றூரின் கோயில் வழக்கங்கள் என முதல்முறை களத்துக்குச் சென்ற மாணவர் பதிவுசெய்தவை பெரும்பாலும் துறை அலமாரியில் ஒற்றைப் படியாகவே நின்றன. துறை புதிய கட்டடத்துக்கு மாறும் நாளில் அந்த அலமாரிதான் முதலில் காலியாகும். எடைக்குப் போன கட்டில் எவை இருந்தன என்று எழுதிவைப்பாரும் இல்லை.

மின்மயமாகிவிட்டால் மட்டும் இடர் தீர்ந்துவிடாது. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான இந்தியமொழி ஆய்வேடுகள் பல, திரையில் ஒழுங்காகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படுவதில்லை; படமாக வருடப்பட்டவையும் அவ்வாறே. இருந்தும் கிடைக்காத நூல், இல்லாத நூலுக்கு ஒப்பானதே.

எல்லாவற்றையும் திறந்துவைக்க வேண்டும் என்பதும் இதற்குப் பொருளன்று. மதிப்பெண், சாதிச் சான்று, ஒழுங்கு விசாரணைக் கோப்பு முதலியவை உரியவரின் மானத்தோடு தொடர்புடையவை. காத்தல் வேறு, வெளியிடல் வேறு. குறித்த காலம்வரை மூடிவைப்பது ஆவணப் பணியின் ஒரு பகுதியே. கூச்சத்தை முன்னிட்டு அழித்துவிடுவது அப்பணியன்று.

மாணவர் பேரவைத் துண்டறிக்கை, விடுதி உணவுக்குழுவின் கணக்கு, கருத்தரங்க அழைப்பிதழ், சுற்றுக்கு விட்ட கையெழுத்து இதழ் ஆகியவற்றில் பலவற்றுக்கு ஆண்டுகூடக் குறிக்கப்பட்டிருப்பதில்லை. பின்புறத்தில் பென்சிலால் நாள், இடம், தொடர்புடையோர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி நூலகத்தில் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ஆய்வாளர் ஒருவருக்கு அந்த ஐந்து நிமிடம் ஓர் இயலாகலாம். அவருடைய நன்றியுரையில் பென்சிலால் எழுதியவரின் பெயர் இடம்பெறாது. ஆனால் அந்த இயல் எழுதப்பட்டிருக்கும்.