பூஜ்யம் விநாடிக் குரல்

ரேடியோ நிலையத்தில் இருப்பவர்களைக் கலங்கடிக்க மின்வெட்டு வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கிறது, பெயரும் சரியாக இருக்கிறது, ஆனால் ஓட மறுக்கிறது என்றால் போதும். நாடா காலத்தில் அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியும். பிளேடும் ஒட்டு டேப்பும் இருந்தால் சேர்த்துவிடலாம். ஃபைல் எங்கே அறுந்தது என்று யார் பார்ப்பது?

மொழிபெயர்ப்பு வேலை ஒன்றுக்காகப் புந்தேல்கண்டில் ஒரு சமுதாய வானொலிக்குப் போயிருந்தேன். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. தொண்டு நிறுவனங்களும் நிலையம் நடத்தலாம் என்று மத்திய அரசு 2006இல் அனுமதித்தது. அதன் பிறகு முளைத்த நிலையங்களில் ஒன்று அது. இரண்டே அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை.

அங்கே ஒரு ஃபைலைச் சுற்றி நான்கு பேர் துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றிருந்தார்கள். பக்கத்துக் கிராமத்து மருத்துவச்சிப் பாட்டி பாடிய 'சோஹர்' பாடல்கள், அதாவது குழந்தை பிறந்த வீட்டில் பாடுபவை, அதில் இருந்தன. பதிவு செய்து ஒரு மாதத்தில் பாட்டி இறந்துவிட்டார். வேறு பதிவு கிடையாது. ஒலிபரப்பலாம் என்று திறந்தால் கம்ப்யூட்டர் 'பூஜ்யம் விநாடி' என்கிறது.

ஒலிப்பதிவைக் கவனிக்கும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பதறவில்லை. முதலில் ஃபைலை நகல் எடுத்தாள். "அசலைத் தொடக் கூடாது, தீதி." அதே ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டாள்; மௌனம். வேறொரு ஃபைலை அதே கம்ப்யூட்டரில் போட்டாள், பாடியது. ஆகவே ஒலிபெருக்கி, வயர், சவுண்ட் கார்டு எல்லாம் நிரபராதிகள். பிறகு ஃபைலின் அளவைப் பார்த்தாள். 120 எம்பி. அவர்கள் பதிவு செய்யும் முறையில் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி. "இருபது நிமிடத்துக்கு மேல் உள்ளே இருக்கிறது" என்றாள்.

விஷயம் இதுதான். வேவ் ஃபைலின் தொடக்கத்தில் வழக்கமாக 44 பைட் அளவில் ஒரு முகப்பு இருக்கும். விநாடிக்கு எத்தனை மாதிரிகள், ஒற்றை ஒலியா இரட்டை ஒலியா, மொத்தம் எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். பல ரிக்கார்டர்கள் மொத்த அளவைக் கடைசியில், நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் எழுதுகின்றன. பாட்டி பாடிக்கொண்டிருக்கும்போதே பாட்டரி தீர்ந்துவிட்டது. முகப்பில் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் முகப்பை நம்புகிறது, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்குப் பதிற்றுப்பத்து ஞாபகம் வந்தது. முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. அதற்காக நூலே இல்லை என்று உ.வே.சாமிநாதையர் சும்மா இருக்கவில்லை. கிடைத்த எட்டுப் பத்துகளை 1904இல் அச்சேற்றினார்.

இந்தப் பெண்ணும் அதைத்தான் செய்தாள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில், முகப்பைப் பொருட்படுத்தாமல் ஃபைலை வெறும் எண்களாக வாசிக்கச் சொல்ல ஒரு வழி உண்டு. முகப்பு சொல்லவேண்டியதை நாம் சொல்ல வேண்டும். முதலில் இரட்டை ஒலி என்று சொன்னாள். பாட்டி இரண்டு மடங்கு வேகத்தில் எலிக்குரலில் கீச்சிட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒற்றை ஒலி, 16 பிட், விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று மாற்றினாள். 'டிக்' என்று ஒரு சத்தம், அது முகப்பு. அடுத்து ஓர் இருமல். பிறகு பாட்டு.

அந்த வாரமே ஒலிபரப்பினார்கள். கடைசிப் பாட்டு பாதியில் நின்றது. பாட்டரி தீர்ந்த பிறகு பாடியதை எந்த மென்பொருளும் தர முடியாது.

மறுநாள் பாட்டியின் மகள் வந்தார். மிச்ச அடிகள் தனக்குத் தெரியும் என்றார். அந்தப் பெண் ரிக்கார்டரில் புது பாட்டரி போட்டாள். பாடி முடித்ததும் பொத்தானை அழுத்தி நிறுத்தி, இயர்போனை மாட்டி முழுவதையும் கேட்டாள். அதன் பிறகுதான் அந்த அம்மாளை எழுந்திருக்க விட்டாள்.