நெய்யின்னு சொன்ன பொய்

எங்க ஆத்தா மாட்டுக் கொழுப்பை உருக்குற நாளில் தெருவே மணக்கும். கறியோடு வாங்கிவந்த கொழுப்பைச் சிறுசிறுசா நறுக்கிச் சட்டியில் போட்டு, கொஞ்சம் தண்ணி தெளிச்சு, சின்னத் தீயில் வைப்பாள். சக்கை பொரிஞ்சு மேலே வரும். அதுக்கு நாங்க அடிச்சுக்குவோம். வடிகட்டிக் கலயத்தில் ஊற்றினால் ஆறி வெள்ளையா உறையும். நீர் வற்றிப்போனதால் பல நாள் கெடாது. கடலை எண்ணெய்க்குக் காசில்லாதபோது அதில்தான் தாளிப்பு. முருங்கைக்கீரையையும் அதில்தான் வதக்குவாள். கீரையில் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும் என்று நான் பின்னால் படித்தேன். ஆத்தா படிக்கவில்லை; செய்தாள். 2007இல் ரேஷனில் பாமாயில் வந்த பிறகும் அந்தக் கலயத்தை அவள் விடவில்லை.

பகலில் அவளுக்கு ஓர் ஆச்சி வீட்டு மாட்டுக்கொட்டகையில் வேலை. சாணி அள்ளுவாள், புல்லறுத்துப் போடுவாள். அந்த மாட்டுப் பால் வெண்ணெயாகி, நெய்யாகி, அந்த வீட்டு அடுப்படியில் இருக்கும். இவள் பின்கட்டு வாசலோடு சரி.

காரைக்குடியில் எம்.ஏ. தமிழ் படித்தேன். வகுப்பில் பொருநராற்றுப்படை நடந்தது. கரிகாலன் பொருநனுக்குக் கொழுத்த ஊன் கொடுத்து உபசரித்ததை ஆசிரியர் ரசித்துச் சொன்னார். நானும் ரசித்தேன். அன்றிரவு விடுதியில், ஆத்தா கொடுத்துவிட்ட டப்பாவைத் திறந்தேன்.

"என்னடா அது?" என்றான் பக்கத்துக் கட்டில்காரன்.

"நெய்" என்றேன். மூடிவிட்டேன். எல்லாரும் தூங்கியதும் பின்பக்கம் போய்க் கொட்டினேன்.

ஊருக்குப் போனபோது காலி டப்பாவைப் பார்த்து ஆத்தா பூரித்துப் போனாள். "அதுக்குள்ள தீந்துருச்சா? இன்னுங் கொஞ்சம் தாரேன்."

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் தேடினேன். எங்கள் பகுதியும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாண்டம் புழங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் நடந்ததை 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதிவு செய்தார். தீண்டப்படாதார் ஒருவர் தன் மக்களுக்குக் கொடுத்த விருந்தில் நெய் பரிமாறினார். அதற்காகவே சாதி இந்துக்கள் தடியோடு புகுந்து, சோற்றைப் பாழாக்கி, தின்றவர்களை அடித்தார்கள். நெய் தின்றால் அடி. கொழுப்பு தின்றால் இழிவு. அப்படியென்றால் நாங்கள் எதைத் தின்பது?

ஒரு கிராம் நெய்யின் கொழுப்பிலும் 9 கலோரிதான், மாட்டுக் கொழுப்பிலும் 9 கலோரிதான். நிறைவுற்ற கொழுப்பு இரண்டிலும் மிகுதி. அளவு மீறினால் இரண்டும் இதயத்துக்குக் கேடு. ஒன்றைப் பூசைக்கும் மற்றதைத் தீட்டுக்கும் பிரித்தது உடம்பல்ல, சாதி.

போன பொங்கலுக்கு ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நெய்யின்னு சொன்னதுக்குக் கூட ஒண்ணுமில்லடா. ரெண்டும் மாட்டுலருந்துதான வருது. கொட்டுனியே, அதத்தான் தாங்க முடியல."