கொடுமுடியின் குரல்

ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே, காவிரிக் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. அவ்வூரின் பெயரையும், பெற்ற தாய் பாலாம்பாளின் பெயரையும் தம் பெயருக்கு முன்னே தாங்கி, கொங்கு மண்ணுக்குப் பெருமை சேர்த்தவர் கே.பி. சுந்தராம்பாள். கல்லூரித் தமிழ் மன்றத்தில் அவரைப் பற்றிப் பேசும் வாய்ப்பு இவ்வாண்டு எனக்குக் கிட்டியது.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஓர் இரவு, வேலைக் களைப்போடு சுவரில் சாய்ந்திருந்த அவரையே அவையோராகக் கருதி, எழுதியதை உரக்கப் படித்தேன்.

1908இல் பிறந்த சுந்தராம்பாள், சிறுவயதிலேயே நாடகமேடை ஏறினார். தம்மோடு மேடையில் பாடி நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவை 1927இல் மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று வெள்ளாடை உடுத்தினார். மேடையை விட்டும் விலகினார்.

அம்மா இடைமறித்தார்: "அந்தம்மா மறுபடியும் பாடுச்சா கண்ணு?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பா இருந்தவரை அடுப்படியில் அம்மாவின் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் மறைந்தபின், "இவளுக்கு இனிப் பாட்டு ஒரு கேடா?" என்று உறவினர் ஒருவர் சொன்ன சொல்லோடு அது நின்றுபோயிற்று. ஆறாண்டுகள் ஆகின்றன.

"பாடினாங்கம்மா" என்று மேலே படித்தேன். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் பூண்டு, நந்தனாராகவே நடித்தார். ஊதியம் ஒரு லட்ச ரூபாய்! 1953இல் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், மறு ஆண்டு 'திருவிளையாடல்'. சட்ட மேலவையிலும் உறுப்பினராக அமர்ந்தார். 'துணைவன்' படத்தில் பாடியதற்குத் தேசிய விருது பெற்றார். 1970இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1980இல் மறையும்வரை அந்த வெள்ளாடை மாறவில்லை.

அதை ஊர் உடுத்தியதா, அவரே ஏற்ற நோன்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதில்லை. ஆனால் தோழர்களே, ஆடையின் நிறத்தை மாற்றிக்கொண்ட அவர், குரலை யாருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுவே என் உள்ளத்தில் நின்றது.

மன்றத்தில் எனக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசுதான். ஆனால் அன்றிரவு படித்து முடித்த மறுநாள் காலை, டிபன் பாக்ஸில் சோறு அடைத்துக்கொண்டிருந்த அம்மா, தம்மையறியாமல் ஏதோ ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்தார். நான் அடுப்படிக்குள் போகவில்லை. கதவோரமே நின்று, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.